லைக் ஏறுகிறது, கல்லா நிறைகிறதா?

சேலம் மாவட்டத்து இளம்பிள்ளையை ஒரு காலத்தில் ஜவுளி மொத்த வியாபாரிகளுக்குத்தான் தெரியும். இன்று யூடியூபில் சேலை வீடியோ பார்க்கும் யாருக்கும் அந்த ஊர்ப் பெயர் அத்துப்படி. ‘தறி விலைக்கே தர்றோம்’, ‘சிங்கிள் பீஸ்கூட கொரியர் பண்ணுவோம்’, ‘பிடிச்ச சேலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்ல அனுப்புங்க’, ‘ரீசெல்லர்ஸ் தாராளமா வரலாம்’ என்று வரிசையாகச் சேலைகளை விரித்துக் காட்டிக்கொண்டே போகும் அந்த வீடியோக்கள், தமிழ்நாட்டுச் சிறுவியாபாரம் எந்தத் தெருவுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகின்றன. சேலை மட்டுமல்ல; கோவில்பட்டிக் கடலைமிட்டாய், வீட்டில் அரைத்த சாம்பார்ப் பொடி, டெரகோட்டா நகை, ஆர்டருக்குச் செய்யும் கேக் என எல்லாமே அந்தத் தெருவில் கடை போட்டிருக்கின்றன. அங்கே கடை போட்டவர்களுக்கு எல்லாத் திசையிலிருந்தும் வரும் ஒரே அறிவுரை: சோஷியல் மீடியா மார்க்கெட்டிங் கற்றுக்கொள்ளுங்கள். அறிவுரையில் குற்றமில்லை. ஆனால் அந்தப் பெயரில் விற்கப்படும் பாடத்தைப் பார்த்தால், எந்த நேரத்தில் ரீல்ஸ் போடுவது, எந்தப் பாட்டைப் பின்னணியில் வைப்பது, எத்தனை ஹேஷ்டேக் சேர்ப்பது, பத்தாயிரம் ஃபாலோயர்களை எத்தனை நாளில் எட்டுவது என்பதோடு முடிந்துவிடுகிறது. அதாவது, கண்ணில் படுவது எப்படி என்பது பாடம். சிறுவியாபாரிக்குக் கைகொடுப்பது அதற்கு அடுத்த படி: கண்ணில் பட்டவர் கேள்வி கேட்கும்போது என்ன நடக்கிறது, வாங்கியவர் மறுபடி வருகிறாரா, அவரைக் கொண்டுவர எவ்வளவு செலவானது. இதைக் கற்றவருக்கு முதல் பாடம் அரைகுறையாகத் தெரிந்தாலும் பிழைப்பு ஓடும். முதல் பாடத்தில் மட்டும் தேர்ந்தவருக்கு ஓடாது.

முதல் காரணம், தளங்களின் சூட்சுமங்களுக்கு ஆயுள் மிகக் குறைவு. வியாபாரிகளுக்கான ஃபேஸ்புக் பக்கங்கள் 2007-இல் வந்தன. லைக் சேர்த்தால் போதும், போடுவதெல்லாம் லைக் போட்டவர்களிடம் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையில் பலரும் ஆண்டுக்கணக்கில் லைக் சேர்த்தார்கள். ஓகில்வி விளம்பர நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட பிராண்டு பக்கங்களை ஆராய்ந்தபோது, 2013 அக்டோபரில் சுமார் 12 சதவீதமாக இருந்த இலவச வீச்சு 2014 பிப்ரவரிக்குள் 6 சதவீதமாகச் சரிந்திருந்தது. நூறு பேர் லைக் போட்டிருந்தால் ஆறு பேருக்குத்தான் பதிவு தெரிந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் ஃபேஸ்புக்கின் விளம்பரப் பிரிவு அதிகாரி பிரையன் போலண்ட் காரணத்தை வெளிப்படையாகவே எழுதினார்: ஒருவர் உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் அவருக்குக் காட்டத்தக்கவை சராசரியாக 1,500 பதிவுகள் காத்திருக்கின்றன; எல்லாவற்றையும் காட்ட முடியாது. 2018 ஜனவரியில் மார்க் சக்கர்பெர்க், குடும்பத்தார், நண்பர்களின் பதிவுகளுக்கே இனி முன்னுரிமை என்று அறிவிக்க, வியாபாரப் பக்கங்கள் இன்னும் கீழே போயின. 2020 ஜூன் 29-ஆம் தேதி மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக் ஒரே இரவில் இல்லாமல் போனது. அதில் லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்தவர்களால் அவர்களில் ஒருவரைக்கூடக் கையோடு அழைத்துப் போக முடியவில்லை. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் என்று புது இடங்கள் திறந்தன. பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள். குறுவீடியோவாகச் சுருக்கிச் சொல்லும் கைத்திறன் மட்டும் கூடவே வந்தது. ஆக, தளத்துக்குத் தளம் மாறும் சூட்சுமத்தைக் கற்க ஆறு மாதம் செலவழித்தால், கற்று முடிப்பதற்குள் அது பழசாகியிருக்கும்.

இரண்டாவது காரணம் கணக்கு. பாடம் நடத்துபவர்கள் பெரும்பாலும் தொடாமல் விடும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு, 900 ரூபாய்க்கு விற்கும் ஒரு சேலையை எடுத்துக்கொள்வோம். கொள்முதல் 640 ரூபாய், கவரும் கொரியரும் சேர்த்து 70 ரூபாய் என்றால் கையில் நிற்பது 190 ரூபாய். விளம்பரத்துக்கு 3,000 ரூபாய் போடுகிறார் கடைக்காரர். நூறு பேர் வாட்ஸப்பில் விசாரிக்கிறார்கள்; பன்னிரண்டு பேர் வாங்குகிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், பன்னிரண்டு பார்சல் போயிருக்கிறது. ஆனால் பன்னிரண்டு சேலையில் நின்றது 2,280 ரூபாய். விளம்பரச் செலவைக் கழித்தால் 720 ரூபாய் கைநஷ்டம். விளம்பரத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. அதையும் சேர்த்தால் நஷ்டம் 1,260 ரூபாய். இப்போது அந்தப் பன்னிரண்டு பேரில் நால்வர் பிற்பாடு ஆளுக்கு இரண்டு சேலை வாங்கினார்கள் என்று வையுங்கள். எட்டுச் சேலை, 1,520 ரூபாய். வரியும் போக 260 ரூபாய் லாபத்துக்கு வந்துவிடுகிறது கணக்கு. இன்னொரு வழியும் இருக்கிறது: விசாரித்த நூறு பேருக்கு ஒழுங்காகப் பதில் சொல்லி, பன்னிரண்டுக்குப் பதில் இருபது பேரை வாங்க வைத்தாலும் அதே 260 ரூபாய் லாபம். விளம்பரத்துக்குக் கூடுதலாக ஒரு பைசா போடவில்லை. வீடியோவின் வியூஸ் ஒன்றுகூட ஏறவில்லை. எண்கள் கடைக்குக் கடை மாறும், பாத்திரக் கடைக்கு ஒரு கணக்கு, பேக்கரிக்கு ஒரு கணக்கு. ஆனால் லாபம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது மாறாது. அது விசாரணைக்கும் விற்பனைக்கும் நடுவிலும், முதல் விற்பனைக்கும் இரண்டாவதற்கும் நடுவிலும் இருக்கிறது.

அந்த முதல் நடுவெளியில் நம் கடைக்காரர்கள் தாங்களே குழி வெட்டி வைத்திருக்கிறார்கள். ‘விலைக்கு டிஎம் பண்ணுங்க’ என்ற வழக்கம் அவற்றில் ஒன்று. விலையை மறைத்தால் கமெண்ட் கூடும், கமெண்ட் கூடினால் தளம் இன்னும் நாலு பேருக்குக் காட்டும் என்பது அதன் பின்னால் இருக்கும் யோசனை. கமெண்ட் கூடுவது உண்மையாகவே இருக்கட்டும். விலை கேட்டு எழுதியவருக்கு மாலை ஆறு மணிக்குப் பதில் போகிறது. அதற்குள் அவர் வேறு கடையில் ஜிபே பண்ணிவிட்டார். தவிர, விலையைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கே சங்கடப்பட்டு விலகுபவர்கள் எத்தனை பேர் என்பது எந்தக் கணக்கிலும் வராது. 2018-இல் வந்த வாட்ஸப் பிசினஸ் செயலியில், 2019-லிருந்து பொருளையும் விலையையும் அடுக்கி வைக்கும் கேட்டலாக் இருக்கிறது. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்குத் தயார்ப் பதில் வைக்கலாம். ‘விசாரித்தார்’, ‘பணம் வந்தது’, ‘அனுப்பியாச்சு’ என்று ஒவ்வொரு உரையாடலுக்கும் லேபிள் ஒட்டலாம். காசு கேட்காத இந்த மூன்று வசதியையும் பழக ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இவற்றைத் தொடாமல் ‘ரீல்ஸ் ஹூக்’ பயிற்சிக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டுவது, என் பார்வையில், தலைகீழ்ப் பாடம்.

நடுவெளியில் இருக்கும் பெரிய குழி அவநம்பிக்கை. ‘பார்சல் ஓப்பனிங் வீடியோ கட்டாயம், வீடியோ இல்லாட்டி டேமேஜுக்கு நாங்க பொறுப்பில்ல’ என்ற வாசகம் ஏறக்குறைய எல்லாச் சேலைப் பக்கத்திலும் இருக்கிறது. வாங்குபவர் பொய் சொல்வார் என்று விற்பவர் பயப்படுகிறார்; விற்பவர் ஏமாற்றுவார் என்று வாங்குபவர் பயந்து கேஷ் ஆன் டெலிவரி கேட்கிறார். இரண்டு பயத்துக்கும் முகாந்திரம் உண்டு. போலிப் பக்கம் திறந்து, யாரோ எடுத்த படங்களைப் போட்டு, பணம் வாங்கிக்கொண்டு மறைந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டிப் பார்த்துவிட்டுச் சேலையைத் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கடைக்காரர் கற்றே ஆக வேண்டும். ‘நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்’ என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். தீரவில்லை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்ப எடுக்க மறுக்க விற்பவருக்கு உரிமை கிடையாது. தவறான விளம்பரத்துக்கு, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. மறுபடி செய்தால் ஐம்பது லட்சம். பணம் கொடுத்தோ பொருள் கொடுத்தோ இன்ஃப்ளூயன்சரைப் பேச வைத்தால் அது விளம்பரம் என்பதை அவர் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

சட்டத்துக்குப் பயந்து நேர்மையாக இருங்கள் என்பதல்ல என் வாதம். நேர்மையே இங்கே விற்பனை உத்தி. பாலியெஸ்டர் சேலையைச் சும்மா ‘பட்டு’ என்று சொல்லிப் பத்து பேரிடம் விற்றால் அந்தப் பத்து பேரும் அத்தோடு சரி. மேலே போட்ட கணக்கின்படி அந்த வியாபாரம் நஷ்டம். ‘இது விசைத்தறி, நூல் பாலியெஸ்டர், முதல் ரெண்டு தடவை தனியா அலசுங்க, லைட் வெளிச்சத்துல எடுத்ததால நேர்ல கலர் ஒரு ஷேடு கம்மியா இருக்கும்’ என்று சொல்லி விற்றால் வாங்குபவர் எண்ணிக்கை சிறிது குறையலாம். திரும்பி வரும் பார்சலும் குறையும், திரும்பி வரும் ஆள் கூடுவார். பட்டுக்குச் சில்க் மார்க், கைத்தறிக்குக் கைத்தறி முத்திரை என்று அரசாங்க அடையாளங்களே இருக்கின்றன. புவிசார் குறியீடும் அப்படித்தான். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் கிடைத்தது. இவற்றைக் கேமரா முன் காட்டி ஒரு நிமிடம் விளக்குவது எந்தச் சினிமாப் பாட்டையும்விட அதிகம் பேசும். கடையின் போர்டு, முழு முகவரி, வரிப்பதிவு எண், இன்று கொரியரில் போட்ட பார்சல்களின் ரசீது, பழுது என்று திரும்பி வந்ததை மாற்றிக் கொடுத்த விவரம் ஆகியவை பார்க்கச் சுவாரசியமில்லாதவை. பணம் அனுப்பலாமா வேண்டாமா என்று விரலைத் தயங்கவிட்டு நிற்பவருக்கு இவைதான் வேண்டும்.

‘இதெல்லாம் வாடிக்கையாளர் வந்த பிறகு பேச வேண்டியது, முதலில் யாராவது பார்த்தால்தானே?’ என்று கேட்பார்கள். வலுவான கேள்வி. யார் கண்ணிலும் படாத கடைக்கு நம்பகத்தன்மை இருந்தென்ன, இல்லாமல் என்ன. ஆனால் எத்தனை பேர் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது; அதை நிர்ணயிப்பது கடையின் கை பலம். டெல்லி மாளவியா நகரில் ஒரு முதிய தம்பதி நடத்திய ‘பாபா கா தாபா’ என்ற சாலையோரக் கடையின் வீடியோ 2020 அக்டோபரில் நாடு முழுக்கப் பரவியது. மறுநாளே கூட்டம் அலைமோதியது, உதவிப்பணம் குவிந்தது, அந்தப் பணத்தைப் பற்றித் தகராறும் வந்தது. டிசம்பரில் புதிதாக ஓர் உணவகம் திறந்தார்கள். சில மாதங்களில் வாடகை, சம்பளச் செலவுக்கு வரும்படி கட்டுப்படியாகாமல் அதை மூடிவிட்டுப் பழைய கடைக்கே திரும்பினார்கள். இரக்கத்தால் ஒரு முறை வந்த கூட்டம், பசிக்கு மறுபடி வரும் கூட்டமாக மாறவில்லை. இதற்கு எதிர் உதாரணமாக எல்லாப் பயிற்சி வகுப்பிலும் காட்டப்படும் அமெரிக்காவின் டாலர் ஷேவ் கிளப்பை எடுத்துப் பாருங்கள். 2012 மார்ச்சில் சுமார் 4,500 டாலர் செலவில் எடுத்த ஒரு வேடிக்கை வீடியோ. 48 மணி நேரத்தில் 12,000 பேர் சேர்ந்தார்கள். 2016-இல் யூனிலீவர் அந்த நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது. வீடியோவின் வெற்றி என்று இதைச் சொல்வது பாதி உண்மைதான். அவர்கள் விற்றது மாதச் சந்தா. சேர்ந்தவர் மாதாமாதம் பிளேடு வாங்கினார். வீடியோ ஒரு தடவை செய்த வேலையைச் சந்தா ஒவ்வொரு மாதமும் செய்தது. பின்னால் அந்த ஏற்பாடு இல்லாமல் வீடியோவை மட்டும் காப்பியடித்தவர்கள் எத்தனை பேர் என்று வகுப்பில் யாரும் சொல்வதில்லை.

கண்ணில் படவேண்டிய அளவுக்குப் பட, கொஞ்சம் பணம் செலவழிப்பதில் தப்பில்லை. அங்கேயும் தெரிந்துகொள்ள வேண்டிய இயந்திர விஷயம் ஒன்று உண்டு. பதிவுக்குக் கீழே இருக்கும் ‘பூஸ்ட்’ பட்டனை அழுத்துவது சுலபம். ஆனால் அந்த இயந்திரம் கேட்டதைத்தான் கொடுக்கும். லைக், கமெண்ட் வேண்டும் என்று சொன்னால், எதைப் பார்த்தாலும் லைக் போடும் பழக்கமுள்ளவர்களைத் தேடிப் பிடித்துக் காட்டும். அவர்களில் பலர் எதையும் வாங்குவதில்லை. மெசேஜ் வேண்டும், விற்பனை வேண்டும் என்று சொன்னால் வேறு ஆட்களிடம் போகும், செலவும் கூடும். அதிலும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனமே சொல்லும் ஒரு நிபந்தனை, ஒரு விளம்பரம் கற்றுக்கொண்டு நிலைபெற வாரத்துக்குச் சுமார் 50 பலன்கள் கிடைக்க வேண்டும் என்பது. ஒரு விற்பனைக்கு 200 ரூபாய் செலவாகிற கடை என்றால், வாரம் பத்தாயிரம் ரூபாய் போட்டால்தான் இயந்திரத்துக்குப் புத்தி வரும். நாளைக்கு நூறு ரூபாய் வீதம் ஐந்து விளம்பரங்களாகப் பிரித்துப் போடுபவரின் பணம் ஐந்து அரைகுறைப் பாடங்களுக்குக் கட்டிய ஃபீஸ். ஒரே விளம்பரம், மெசேஜ் இலக்கு, பார்சல் அனுப்ப முடிந்த ஊர்கள் மட்டும்: சிறு பட்ஜெட்டுக்கு இதற்கு மேல் நுணுக்கம் தேவையில்லை. ‘ஃபாலோ பண்ணி மூணு பேரை டேக் பண்ணுங்க, ஒருத்தருக்குச் சேலை இலவசம்’ என்ற கிவ்அவேயும் இதே பிசகுதான். அது இலவசத்துக்கு வந்த கூட்டம்; அடுத்த பதிவை அவர்கள் சீந்தாதபோது தளமும் இந்தப் பக்கத்தை ஆர்வமில்லாத பக்கமாக எடைபோடும்.

பெரிய நிறுவனங்களெல்லாம் எண்களை வைத்துத்தானே முடிவெடுக்கின்றன, நாமும் டேஷ்போர்டைப் படிக்கக் கற்றால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. விளம்பரத்தின் பலனை அளப்பது பெரியவர்களுக்கே எவ்வளவு கடினம் என்பதற்கு நல்ல ஆய்வுகள் உண்டு. பொருளியல் ஆய்வாளர்கள் ராண்டல் லூயிஸ், ஜஸ்டின் ராவ் இருவரும் அமெரிக்காவின் பெரிய விற்பனை நிறுவனங்களோடும் தரகு நிறுவனங்களோடும் நடந்த 25 பரிசோதனைகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். மொத்த விளம்பரச் செலவு 28 லட்சம் டாலர். பெரும்பாலானவை தலா பத்து லட்சக்கணக்கானவர்களைச் சென்றடைந்தவை. அப்படியிருந்தும், விளம்பரம் லாபமா நஷ்டமா என்று உறுதியாகச் சொல்லப் பல பரிசோதனைகளால் முடியவில்லை; மக்கள் வாங்கும் தொகையின் ஏற்ற இறக்கம் அவ்வளவு பெரிது, விளம்பரத்தின் விளைவு அவ்வளவு சிறிது. ஈபே நிறுவனம் இன்னும் எளிய சோதனை செய்தது. தன் பெயரைத் தேடுபவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தை 2012-இல் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தது. விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் விளம்பரம் இல்லாமலே வந்தார்கள். எப்படியும் வரப்போகிறவர்களை அழைத்து வரத்தான் அதுவரை பணம் கொடுத்திருக்கிறது.

சிறுவியாபாரி இதைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. ஈபேயால் முடியாத ஒன்று அவரால் முடியும். ‘எங்க பாத்துட்டு வந்தீங்க?’ என்று வாங்குகிற ஒவ்வொருவரிடமும் கேட்டு நோட்டில் எழுதலாம். வாங்குபவர் சொல்வது எப்போதும் துல்லியமாக இருக்காது. ரீல்ஸில் பார்த்ததை மறந்து ‘அக்கா சொன்னாங்க’ என்பார். ஆனாலும் மூன்று மாத நோட்டைப் புரட்டினால் ஒரு போக்கு தெரியும். அதோடு ஈபே செய்ததையும் செய்து பார்க்கலாம்: இரண்டு வாரம் விளம்பரத்தை நிறுத்திவிட்டு விசாரணை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது. முகூர்த்த மாதத்தையும் ஆடியையும் ஒப்பிடாமல், ஒத்த வாரங்களை ஒப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை மட்டும் வேண்டும்.

‘கடையைப் பார்ப்பதா, கணக்குப் பார்ப்பதா, இதையும் கற்பதா? ஏஜென்சியிடம் விட்டுவிடலாமே’ என்பவர்களுக்குப் பாதி சம்மதம். எடிட்டிங், டிசைன், படம் எடுப்பது ஆகியவற்றை வெளியே கொடுக்கலாம், அதில் அவமானமில்லை. ஆனால் மாதக் கடைசியில் ஏஜென்சி தரும் ரிப்போர்ட்டில் ரீச், இம்ப்ரெஷன் என்று லட்சங்களில் எண்கள் இருக்கும். ‘ஒரு விசாரணைக்கு எவ்வளவு ஆச்சு? அதில் எத்தனை பேர் வாங்கினாங்க?’ என்று திருப்பிக் கேட்கும் அளவுக்காவது முதலாளிக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பதில் சொல்லும் வேலையையும், முகம் காட்டும் வேலையையும் வெளியே கொடுக்கவே முடியாது. முதலாளியின் முகத்தை நம்பிப் பொருள் வாங்குவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வசந்த் அண்ட் கோ விளம்பரங்களில் எச். வசந்தகுமாரின் சிரித்த முகம்தான் பல்லாண்டு முத்திரையாக இருந்தது. லலிதா ஜுவல்லரி உரிமையாளர் கிரண்குமார் தானே வந்து விலை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். நடிகரை வைத்துச் செய்யப் பணம் இருந்தவர்களே இப்படிச் செய்தார்கள் என்றால், ரிங் லைட்டுக்கு முன் நிற்கக் கூச்சப்படும் சிறு கடைக்காரருக்கு அதில் ஒரு செய்தி உண்டு. கற்றுக்கொள்ள இடமும் இல்லாமலில்லை. தமிழக அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் டிஜிட்டல் மார்க்கெட்டிங்கிலும் குறுகிய காலப் பயிற்சி நடத்துகிறது. மெட்டா, கூகுள் இரண்டும் இலவசப் பாடங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. விளம்பர இடம் விற்பவரே நடத்தும் வகுப்பு என்பதை மறக்காமல் உட்கார்ந்தால் அவையும் பயன்படும்.

இரண்டாவது நடுவெளி, வாங்கியவரைத் திரும்ப வரவைப்பது. சிவகாசியில் அச்சடித்த தினசரிக் காலண்டரில் கடைப் பெயரைப் போட்டு, பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் தைப்பிறப்புக்கு முன் எடுத்துவைத்துக் கொடுக்கும் மளிகைக்காரர், யாரும் சொல்லித்தராமலே இதைத் தெரிந்துவைத்திருந்தார். அதன் இன்றைய வடிவம் வாட்ஸப் பிராட்காஸ்ட். ஒரு பட்டியலில் 256 பேர்; அதிலும் கடையின் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கே செய்தி போகும். இந்தக் கட்டுப்பாட்டைக் குறை என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அதை அளவுகோலாகப் பார்க்கிறேன்: பத்தாயிரம் ஃபாலோயரைவிட, கடையின் பெயரைப் போனில் பதிந்து வைத்த இருநூறு பேர் கனமான சொத்து. சரி, வாட்ஸப்பும் மெட்டாவுடையதுதானே, அதுவும் வாடகை இடம்தானே என்று கேட்டால், ஆமாம். 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் மூன்றும் சேர்ந்தே சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. அதனால்தான் பெயர், போன் எண், ஊர், என்ன வாங்கினார், எப்போது வாங்கினார் என்ற ஐந்து விவரமும் ஒரு நோட்டிலோ கணினித் தாளிலோ தனியாக இருக்க வேண்டும் என்கிறேன். அந்த எண்கள் அடுத்தவர் தகவல் என்பதும் நினைவிருக்கட்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே வந்துவிட்டது. கேட்டுச் சேர்ப்பது, நிறுத்தச் சொன்னால் நிறுத்துவது, தினமும் ‘குட் மார்னிங்’ அனுப்பி பிளாக் வாங்காமலிருப்பது, இவ்வளவுதான் ஒழுக்கம்.

வெளியூருக்கு விற்கத் தொடங்கும்போது வரும் ஒரு சிக்கலையும் பயிற்சி வகுப்புகள் சொல்லாமல் விடுகின்றன. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பெங்களூருக்கு ஒரு சேலை அனுப்பினால் அது மாநிலம் கடந்த விற்பனை. கைவினைப் பொருள்கள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு, மற்றபடி தொகை எவ்வளவு சிறிதானாலும் பதிவு வேண்டும். வீட்டில் பொடி அரைத்து விற்பவருக்கும் கேக் செய்பவருக்கும் உணவுப் பாதுகாப்புக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேண்டும். வைரல் ஆன பிறகு இதைத் தேடுவதைவிட, ஊர்ப் பட்டியலை விளம்பரத்தில் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே ஒரு கணக்கரைக் கேட்டுவிடுவது மலிவு.

கடைசியாகக் காலம். இந்தத் தளங்களில் விளம்பர இடம் ஏலத்தில் போகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பெரிய ஜவுளிக்கடை, நகைக்கடை, ஆன்லைன் தளங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அதே ஏலத்துக்குள் வருகின்றன. அப்போது முந்நூறு ரூபாயோடு அவர்களோடு மோதுபவர் அதே விசாரணைக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார். சிறு கடை அந்த மாதத்தில் புது ஆளைத் தேடவே கூடாது. அதற்குச் சில மாதம் முன்பே, ஏலத்தில் கூட்டம் குறைந்திருக்கையில் கொஞ்சம் பணம் போட்டுப் புது ஆட்களைச் சேர்த்து, நோட்டில் ஏற்றி, முதல் சேலையை நல்லபடியாக அனுப்பி வைத்திருந்தால், ஐப்பசியில் அந்த 256 பேருக்கு மட்டும் விலையோடு இருபது படங்களை அனுப்பினால் போதும். அந்த மாத விளம்பரப் பணத்தை அவர்களுக்கே கொரியர் இலவசமாகத் தரப் பயன்படுத்தலாம்.